ரசாயன, உயிரி ஆயுதத் தடை: கடலூரிலிருந்து எங்கள் நிலைப்பாடு

ரசாயன ஆயுதமும் உயிரி ஆயுதமும் எந்த அரசிடமும் எந்த இயக்கத்திடமும் இருக்கக் கூடாது. தற்காப்பு, பதிலடி, விடுதலை என்று எந்தப் பெயர் சொன்னாலும் அதற்கு விலக்குக் கிடையாது. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், மீனவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான். தடை ஏட்டில் இருந்தால் போதாது. நேரில் போய்ச் சோதிக்கிற அதிகாரமும், குற்றம் செய்தவர் யார் என்று சொல்கிற அதிகாரமும் ஒரு பொது அமைப்புக்கு வேண்டும். அந்தச் சோதனையின் பயன் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் போய்ச் சேர வேண்டும். ஹேக் நகரிலும் ஜெனீவாவிலும் பேசுகிற விஷயத்தில் கடலூருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இதில்தான் எங்கள் பதில் இருக்கிறது.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் போகும் பேருந்தில், சிப்காட் வந்ததும் பயணிகள் மூக்கைப் பொத்திக்கொள்வதை யாரும் பார்த்திருக்கலாம். 1980களில் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையில் மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், பிளாஸ்டிக் மூலப்பொருள் எல்லாம் தயாராகின்றன. ஒரு பக்கம் உப்பனாறு ஓடுகிறது. மறு பக்கம் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், காரைக்காடு, சங்கொலிக்குப்பம் என்று ஊர்கள். அழுகிய முட்டை, அழுகிய பழம், நகப்பூச்சு என்று வாடையை வைத்தே எந்தப் பக்கத்துக் கம்பெனி திறந்துவிட்டிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். 2004இல் அவர்களில் சிலர் வாளியும் பையும் வைத்துக் காற்று மாதிரி எடுக்கப் பழகினார்கள். தாங்கள் சுவாசிப்பது என்ன என்று அரசு சொல்லாததால் அந்த வேலையை அவர்களே செய்ய வேண்டியிருந்தது.

இங்குள்ள ஆலைகள் ஆயுதம் செய்கின்றன என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான தூரம் ரசாயனத்தில் மிகக் குறைவு. ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளர் 1936இல் பூச்சிகளைக் கொல்ல நல்ல மருந்து தேடியபோதுதான் டாபூன் என்ற நரம்பு நஞ்சு கிடைத்தது. சாரின் அதன் தம்பி. பயிருக்கு அடிக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்தைக் குடித்துவிட்டு வருபவருக்கு எங்கள் மருத்துவர்கள் அட்ரோபின் ஏற்றுகிறார்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் நுரை தள்ளி, மூச்சுக்குழாய் முழுக்கச் சளி அடைத்துக் கிடக்கும் அந்த உடம்பை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்யோ கூட்டம் சாரினை விட்டபோது மருத்துவமனைகளுக்கு ஓடிவந்தவர்களின் உடம்பும் இதே அறிகுறிகளோடுதான் இருந்தது. பாஸ்ஜீனும் அப்படித்தான்: முதல் உலகப் போரில் மிக அதிகம் பேரைக் கொன்ற வாயு. இன்று பிளாஸ்டிக்குக்கும் பூச்சிக்கொல்லிக்கும் மூலப்பொருள். போபால் ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் தயாரிக்கவும் பாஸ்ஜீன்தான் தேவைப்பட்டது.

ஆகவே பொருளைத் தடைசெய்து பயனில்லை. நோக்கத்தையும் அளவையும் கண்காணிக்க வேண்டும். 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை இதைச் சரியாகப் பிடித்தது. ரசாயனங்களை மூன்று பட்டியலாகப் பிரித்து, எவ்வளவு தயாரிக்கிறோம், யாருக்கு விற்கிறோம் என்று நாடுகள் ஆண்டுதோறும் சொல்ல வேண்டும், சொன்னது உண்மையா என்று பன்னாட்டு ஆய்வாளர்கள் ஆலைக்கே வந்து பார்ப்பார்கள் என்று அது விதித்தது. முதல் பட்டியலில் கடுகு வாயுவோடு ரிசினும் இருக்கிறது. ரிசின் ஆமணக்கு விதையில் உள்ள நஞ்சு. ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு எருவாகப் போடும் நம் விவசாயிக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆமணக்கைப் பயிரிடாதே என்று யாரும் சொல்வதில்லை. நஞ்சைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வைப்பவர் மேல்தான் கண் இருக்க வேண்டும்.

சோதனை இல்லாத உறுதிமொழிக்கு என்ன மதிப்பு என்பதற்கு இந்தியாவே சாட்சி. ரசாயன ஆயுதம் தயாரிக்கவோ வேறு வழியில் பெறவோ மாட்டோம் என்று 1992 ஆகஸ்டில் பாகிஸ்தானோடு சேர்ந்து இந்தியா கூட்டாக அறிவித்தது. ஐந்தாண்டு கழித்து, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும், கையிருப்பாக 1,044 டன் கடுகு வாயு இருப்பதாக அதே இந்தியா ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அது தலைகுனிவுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் பெருமையோடு சொல்வோம்: ஆய்வாளர்கள் முன்னிலையில் ஒவ்வொரு கட்டமாக அழித்து, 2009இல் கடைசி டன்னையும் இந்தியா ஒழித்தது. 2023 ஜூலையில் அமெரிக்கா தன் கையிருப்பை முடித்ததோடு, உலக நாடுகள் அறிவித்த 72,000 டன்னுக்கு மேற்பட்ட ரசாயன ஆயுதமும் அழிந்தது. ஆயுதக் குறைப்பு நடக்காத காரியம் என்று சலித்துக்கொள்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

உயிரி ஆயுதத்துக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. 1972இல் கையெழுத்துக்கு வந்து 1975 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உயிரி ஆயுத உடன்படிக்கை மொத்தத் தடை விதிக்கிறது, ஆனால் சோதிக்க ஒரு ஆய்வாளர்கூடக் கிடையாது. அதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. 1979 ஏப்ரலில் சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ஒரு ராணுவக் கூடத்திலிருந்து ஆந்த்ராக்ஸ் கிருமி காற்றில் கசிந்தது. காற்று போன திசையில் இருந்தவர்களில் குறைந்தது 66 பேர் செத்தார்கள். கெட்டுப்போன இறைச்சி தின்றதால் வந்தது என்று அரசு சொன்னது. ரஷ்ய அதிபர் யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டது 1992இல். அந்த உடன்படிக்கையின் பொறுப்பாளர் நாடுகளில் ஒன்று சோவியத் ஒன்றியம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆந்த்ராக்ஸ் நம் ஊரில் அடைப்பான். நன்றாக மேய்ந்துகொண்டிருந்த மாடு பொத்தென்று விழுந்து செத்து, மூக்கில் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்தால் கால்நடை மருத்துவர் தோலை உரிக்க விடமாட்டார். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் சொல்வார். கிருமி விதைபோல் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதுதான் காரணம். அதற்கான தடுப்பூசி ராணிப்பேட்டையில் 1932இலிருந்து இயங்கும் அரசுக் கால்நடை நிறுவனத்தில் தயாராகிறது. தடுப்பூசி தயாரிக்கக் கிருமியை வளர்த்தே ஆக வேண்டும். அந்த வேலையை நல்லபடியாகச் செய்கிற கூடத்தையும் தீய நோக்கத்தோடு செய்கிற கூடத்தையும் பிரித்துக்காட்டச் சோதனையைத் தவிர வேறு வழியில்லை. நல்லபடியாகச் செய்பவருக்குச் சோதனைதான் பாதுகாப்பு.

சோதனை விதிகளுக்கான பேச்சுவார்த்தை 2001இல் அமெரிக்கா விலகியதால் முறிந்தது. சட்டப்படி கட்டுப்படுத்தும் சோதனை ஏற்பாடு வேண்டும் என்று இந்தியா தொடர்ந்து சொல்லிவருகிறது; அதை நாங்கள் முழுமனதோடு ஆதரிக்கிறோம். அதனால்தான் 2018 ஜூனில் இந்தியா போட்ட வாக்கு எங்களுக்கு உறுத்துகிறது. ரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தியவர் யார் என்று பெயர் சொல்லும் அதிகாரத்தை ஹேக்கில் உள்ள தடை அமைப்புக்குக் கொடுக்கும் தீர்மானம் 82 வாக்கு ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்த 24 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2013இல் சிரியாவின் கூட்டாவில் சாரினால் குழந்தைகள் செத்துக் கிடந்ததை உலகம் பார்த்த பிறகு போட்ட வாக்கு அது. வாயு போட்டது உண்மை, போட்டவர் யார் என்று மட்டும் கேட்காதே என்பது நீதியாகாது. அந்த வாக்கு தவறு. இந்திய அரசு நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழர் வரலாற்றிலும் நாங்கள் ஒளித்துப் பேச விரும்பாத ஒரு பக்கம் இருக்கிறது. 1990 ஜூனில் மட்டக்களப்பு மாவட்டம் கிரான் ராணுவ முகாமைத் தாக்கிய விடுதலைப் புலிகள், காகித ஆலைக்கு வந்திருந்த குளோரின் சிலிண்டர்களை எடுத்துப்போய் வாயுவைத் திறந்துவிட்டார்கள். ராணுவத்தினர் பலர் மூச்சுத் திணறினார்கள். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் இந்தியச் சிப்பாய்களையும் தாக்கிய வாயு அது. அதை எடுத்தது நம்மவர் என்பதால் நாங்கள் சமாதானம் சொல்ல மாட்டோம். 2009 இலங்கைப் போரில் வெண்பாஸ்பரஸ் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டைப் பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011இல் முடிவு சொல்ல முடியாமல் நின்றது. அதைச் சுதந்திரமாக விசாரிக்க வேண்டும் என்றும் அதே உறுதியோடு கேட்கிறோம். கிரானில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, குளோரின் உடன்படிக்கையின் எந்தப் பட்டியலிலும் கிடையாது. குடிநீர்த் தொட்டியில் கலக்கும் பொருளைப் பட்டியலில் போட முடியாது. ஆலையின் கேட்டும், கிடங்கின் பூட்டும், சிலிண்டர் கணக்குப் புத்தகமும்தான் அங்கே ஆயுதக் கட்டுப்பாடு.

துறைமுகமும் அப்படித்தான். 2024இல் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சுங்கத் துறையினர் ஒரு கன்டெய்னரை நிறுத்தினார்கள். ஷாங்காயிலிருந்து கராச்சிக்குப் போய்க்கொண்டிருந்த அதில் 103 டிரம்களில் 2,560 கிலோ கண்ணீர்ப்புகை ரசாயனம் இருந்தது. போரில் கண்ணீர்ப்புகையைப் பயன்படுத்த உடன்படிக்கை தடை விதிக்கிறது. காவல் துறை கூட்டத்தைக் கலைக்க அதைப் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. தாள்களைப் படித்துச் சந்தேகப்படத் தெரிந்த அதிகாரிகள் இருந்ததால் அது பிடிபட்டது. அந்தப் பயிற்சி தமிழ்நாட்டின் சிறிய துறைமுகங்களுக்கும் வேண்டும். கடலூரிலும் ரசாயனம் கப்பலில் வந்து, கடலோரக் குழாய் வழியாக ஆலைக்குப் போகிறது.

இப்போது எங்கள் ஊர் விஷயம். உடன்படிக்கைப்படி ஆலைகள் கொடுக்கும் கணக்கு டெல்லிக்குப் போகிறது, டெல்லியிலிருந்து ஹேக்குக்குப் போகிறது. வணிக ரகசியம் கருதி அது வெளியே வருவதில்லை. அதில் ஓரளவு நியாயம் உண்டு, பயங்கரவாதியின் கைக்கும் அது போகக் கூடாது. ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்குபவருக்கு, கசிந்தால் என்ன ஆகும், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ரகசியம் தடையில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் சட்டம். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த 41பி பிரிவு, ஆபத்தைப் பற்றி ஆலை தன் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் தகவல் தரக் கட்டளையிட்டது. 1996 ரசாயன விபத்து விதிகள் வட்டார நெருக்கடிக் குழு அமைக்கச் சொல்கின்றன. 2021 மே 13 அன்று குடிகாட்டில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் வெடிப்பு நடந்து 4 பேர் செத்தார்கள். குளோரினும் பாஸ்ஜீனும் காற்றைவிடக் கனமானவை, தாழ்ந்த இடத்தில் தேங்கும், மேட்டுக்குப் போக வேண்டும், காற்றுக்கு எதிரேயும் கூடவேயும் ஓடாமல் குறுக்கே நடக்க வேண்டும் என்ற நாலு வரி, அந்த ஊர்ப் பள்ளிச் சுவரில் தமிழில் இருக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையும் 2011 தானே புயலும் 2015 வெள்ளமும் அடித்த கடற்கரை இது. ஆயுதமாக யாரும் தூக்கிவர வேண்டியதில்லை. ஒரு புயல் இரவில் ஒரு தொட்டி சாய்ந்தால் போதும்.

ஆகவே, சிப்காட் ஆலைகள் ஒவ்வொன்றும் இந்த ஆபத்துத் தகவலைத் தமிழில் அச்சிட்டுச் சுற்றியுள்ள ஊராட்சிகளுக்குத் தர மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும். நெருக்கடிக் குழுவில் ஊர்ப் பெண்களுக்கும் மீனவருக்கும் இடம் வேண்டும். ஒத்திகை ஆலை வளாகத்துக்குள்ளே முடிந்துவிடாமல் தெருவில் நடக்க வேண்டும். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ரசாயனம் பட்டவரை உள்ளே சேர்க்குமுன் உடை களைந்து கழுவத் தனி இடமும், போதிய அட்ரோபின் கையிருப்பும் இருக்க வேண்டும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடம் எங்களுக்குத் தனி எதிர்பார்ப்பு உண்டு. வேதியியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் பிள்ளைகள் பலர் நாளை சிப்காட் போன்ற இடங்களில்தான் வேலைக்குச் சேர்வார்கள். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தில் படிப்பவருக்கு, சிப்பியில் சேரும் சாக்சிடாக்சின் நஞ்சு ரிசினோடு அதே முதல் பட்டியலில் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். வேதியியலாளர்களுக்கென்று 2015இல் வகுத்த ஹேக் நெறிமுறைகளும், இரண்டு உடன்படிக்கைகளும், 2000ஆம் ஆண்டின் இந்திய ரசாயன ஆயுதத் தடைச் சட்டமும் பாடத்திட்டத்தில் தேர்வுக்கு உரிய பகுதியாக வர வேண்டும். முதலாளி சொல்லும் கலவையைச் செய்ய மாட்டேன் என்று மறுக்கும் இளைஞருக்கு வேலைப் பாதுகாப்பும் வேண்டும். தகவல் தருபவரைக் காக்கும் தனி விதி இல்லாமல் நெறிமுறையை மட்டும் பாடமாக வைப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

இந்த அறிக்கையை மாவட்ட ஆட்சியருக்கும், பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கும், கடலூர், சிதம்பரம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்புகிறோம். 2018 வாக்கைப் பற்றி அரசிடம் அவையில் கேள்வி எழுப்புமாறு இரு உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம். சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் ஆபத்துத் தகவல் கோரும் தீர்மானத்தை அடுத்த கிராம சபையில் நிறைவேற்ற வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தை எழுதிக்கொடுக்கவும், கூட்டத்தில் வந்து விளக்கவும் எங்கள் உறுப்பினர்கள் தயாராக இருக்கிறார்கள்.