வேலுக்குப் பின்னால் ஒரு நாள்



யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைக் கடந்து, உகந்தையிலிருந்து குமுனக் காட்டினூடாகக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரையைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். யுத்தம் காரணமாகப் பல ஆண்டுகள் தடைப்பட்டும் துண்டு துண்டாகவும் நடந்த இந்த யாத்திரையில், 2009 இற்குப் பின்னர் பெண்கள் பெருமளவில் நடக்கிறார்கள். திருகோணமலை நகரிலிருந்து ஆலங்கேணி வரை ஒரு நாள் மட்டும் நானும் நடந்தேன். பக்தியால் என்று சொல்வது பொய்யாகிவிடும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் அக்குழுவில் இருந்தார். அவரிடம் நான் ஒரு விடயம் பேச வேண்டியிருந்தது.

காலை ஐந்து மணிக்குப் பத்திரகாளி அம்மன் கோவிலடியில் கூடினோம். வேல் தாங்கியவர் முன்னே நடக்க, 'அரோகரா' என்றபடி பின்னால் சென்றோம். அக்காவின் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சேலை, ஒரு போத்தல் தண்ணீர், தேங்காயெண்ணெய். காலில் செருப்பில்லை.

யாத்திரையில் எல்லோரையும் 'சாமி' என்றே அழைப்பார்கள். பாலையூற்றைத் தாண்டும்போது ஒரு பெரியவர் அக்காவைப் பார்த்து, "சாமி, ஓரமா நடவுங்கோ, பஸ் வருது" என்றார். அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஊரில எனக்கு என்ன பேர் தெரியுமா மிஸ்? காணாமப் போனவன்ர பொண்டாட்டி. இங்க மட்டும்தான் நான் சாமி."

மூதூர் கிழக்கிலிருந்து 2006 இல் இடம்பெயர்ந்தவர் அவர். அடுத்த ஆண்டு முகாமில் இருந்தபோது, விறகு எடுக்கப் போன கணவர் திரும்பவில்லை. மூன்று பிள்ளைகளையும் கூலி வேலை செய்து வளர்த்தார். நெற்றிப் பொட்டை அவர் அழிக்கவில்லை. அதற்காக உறவினர்களே பேசாத பேச்சில்லை.

சீனக்குடாவை நெருங்கும்போது வெயில் ஏறியது. கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. என் பாதங்களில் கொப்புளம் எழும்பிவிட்டது. ஒரு மர நிழலில் இருத்தி, அக்காவே எண்ணெய் தடவிவிட்டார். நடப்பது எனக்குப் பழக்கமில்லை. இடம்பெயர்வில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது புதிதல்ல. "அப்ப எங்க போறமெண்டு தெரியாது, மிஸ். இப்ப தெரியும்" என்றார்.

வெள்ளைமணலில் ஒரு முஸ்லிம் குடும்பம் வாசலில் வாளி வைத்து எல்லோருக்கும் தேசிக்காய்த் தண்ணீர் தந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டிய பெண்களை அந்த வீட்டு உம்மா உள்ளே அழைத்துச் சென்றார். யாத்திரையில் பெண்களின் பெரிய கஷ்டம் இதுதான். மாதவிடாய் வந்தால் இடையில் நிற்பதா, ஒதுங்கி நடப்பதா என்பதும் அவர்களின் கவலை. ஏற்பாடு செய்யும் குழுக்களில் முடிவெடுப்போர் அநேகமாக ஆண்களே. தங்குமிடத்தில் பெண்களுக்கெனத் தண்ணீரும் மறைவிடமும் வேண்டுமென்று நாம் கேட்காமல் யார் கேட்பது?

மாலையில் கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். 2009 இல் இது திறக்கப்படும் வரை இவ்விடத்தைப் படகுப் பாதையில் கடக்க வேண்டும். பாலத்தின் நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டியாரக் குடாவைப் பார்த்து நின்ற அக்காவிடம், நான் பேச வந்ததைப் பேசினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காணிப் பிரச்சினையுடன் என்னிடம் வந்தார். காணி கணவரின் பெயரில் இருந்தது. நான் கடதாசிகளைப் பார்த்துவிட்டு, "மரணச் சான்றிதழ் எடுத்தால் லேசு அக்கா" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். பிறகு வரவேயில்லை. சமூகவியல் படித்த எனக்கு, ஒரு மனைவியின் கையாலேயே கணவனின் மரணத்தை எழுதச் சொல்கிறேன் என்பது அன்று உறைக்கவில்லை.

"அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். பிறகு, அன்றே சொல்லியிருக்க வேண்டியதையும் சொன்னேன்.

சகோதரிகளே, இது உங்களுக்கும் பயன்படும். காணாமற்போனவர்களுக்கு மரணப் பதிவு செய்ய 2010 இல் தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தது. 2016 இல் அது திருத்தப்பட்டு, அவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போயுள்ளார் என்று மட்டும் பதியும் சான்றிதழைப் பெறவும் வழி செய்யப்பட்டது. அதை வைத்து நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய சொத்துக்களைத் தற்காலிகமாகப் பராமரிப்பது, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவற்றுக்கும் சட்டம் இடமளிக்கிறது. அதைப் பெறுவதால் தேடும் உரிமை இல்லாமல் போவதில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் இன்னொரு பெண்ணையும் அழைத்துச் செல்லுங்கள்.

அக்கா நெடுநேரம் பேசவில்லை. "செத்ததெண்டு எழுத மாட்டாங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டார். "இல்லை" என்றேன்.

"கதிர்காமத்தால வந்த பிறகு யோசிப்பம். முதல்ல அவனிட்டக் கேக்கோணும்" என்றார். 'அவன்' என்றது முருகனையா, கணவரையா என்று நான் கேட்கவில்லை.

இரவு ஆலங்கேணிக் கோவில் மண்டபத்தில் ஊர்ப் பெண்கள் சோறும் பருப்பும் தந்தார்கள். அடுத்த நாள் விடியற்காலை அக்கா மூதூர்ப் பக்கம் நடந்தார். நான் நொண்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

கதிர்காமத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் முருகன்தான் வள்ளியின் கோவிலுக்குப் போகிறார். எங்கள் பெண்களோ அலுவலகம் அலுவலகமாகத் தாங்களே நடக்க வேண்டியிருக்கிறது. எங்களிடம் வந்து, பேசாமல் எழுந்து போனவர்களைத் தேடி, அலுவலகத்தில் இருக்கும் நாமும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டாமா?