ஒலி அட்டை வாங்குமுன்

கணிப்பொறியில் இசை கேட்கவும், திரைப்படம் காணவும், விளையாடவும் தனியே ஓர் ஒலி அட்டை வேண்டுமா என்னும் கேள்வி பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அடிக்கடி எழுகின்றது. கடைக்காரர் சவுண்ட் கார்டு என்று காட்டும் இப்பொருள் சில நூறு ரூபாயிலும் கிடைக்கும். பல ஆயிரம் ரூபாயிலும் கிடைக்கும். பெட்டியின்மீது அச்சிட்டுள்ள எண்களை ஒப்பிட்டு வாங்குவதே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தகுந்ததன்று. எந்தக் குறையை நீக்க வாங்குகிறோம் என்று திட்டமாகச் சொல்ல இயலாதவர், வாங்காதிருத்தலே நன்று.

ஒரு காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1980-களில் ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகள் கீச்சொலிக்கு மேல் அதிகம் எழுப்ப வல்லனவல்ல. 1987-இல் ஆட்லிப் அட்டையும், 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் செய்த சவுண்ட் பிளாஸ்டரும் வந்த பின்னரே அவற்றில் இசையும் பேச்சும் பரவின. பின்னர் இன்டெல் நிறுவனம் 1997-இலும் 2004-இலும் வகுத்த விதிமுறைகளால் ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே இடம்பெற்றது. 2007-இல் மக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலிக் கணக்குகளை அட்டையிடம் ஒப்படைக்கும் பழைய முறையைக் கைவிட்டது. ஆகவே, அட்டை பொருத்தினால் விளையாட்டு விரைவாக ஓடும் என்னும் பேச்சு இன்று பெரும்பாலும் பொருந்தாது.

இனி எண்களைப் பார்ப்போம். எண்களாக உள்ள ஒலியை மின்னலையாக மாற்றுவதே அட்டையின் முதல் வேலை. குறுந்தகட்டில் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட் அளவில், பதிவாகின்றன. ஓர் அதிர்வெண்ணைப் பிழையின்றிக் காட்ட அதன் இருமடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் போதும். மனிதச் செவியின் எல்லையோ ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். 16 பிட் தரும் ஒலி வீச்சு சுமார் 96 டெசிபல். மின்விசிறி சுழலும் வகுப்பறையில் அதன் மெல்லிய பகுதி முழுவதும் விசிறியின் இரைச்சலிலேயே மறைந்துவிடும். 192,000 மாதிரி, 32 பிட் என்னும் விளம்பரம் கேட்போருக்கு ஈட்டித் தருவது மிகச் சிறிது.

ஆயின் குறை எங்கே இருக்கின்றது? பெரும்பாலும் ஒலிபெருக்கியிலும், அதை வைத்த இடத்திலும், எதிரொலிக்கும் சுவர்களிலுமே உள்ளது. இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பாட்டை நிறுத்திவிட்டு ஒலியளவைச் சற்றே உயர்த்திக் கேளுங்கள். மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிறுகிறு என்னும் ஓசை வந்தால், பெட்டிக்குள் நிகழும் மின் குறுக்கீடே காரணம், யு.எஸ்.பி. வழியே வெளியில் இணைக்கும் சிறு சாதனம் இதைப் பெரிதும் குறைக்கும். இடையறாத ரீங்காரம் கேட்டால் மின்னிணைப்பையே ஐயுற வேண்டும். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டும்போது அது நின்றால் ஐயம் உறுதியாகும். இதற்கு அட்டை மருந்தன்று. ரீங்காரத்தை அடக்கப் பிளக்கின் எர்த் முனையை நீக்குவோரும் உளர். அது உயிருக்கே ஆபத்தானது. மின்பணியாளரை அழைத்து எர்த் இணைப்பைச் சரிபார்ப்பதே முறை.

வேறொன்றும் கவனிக்கத்தக்கது. யு.எஸ்.பி. ஹெட்போனிலும் புளூடூத் ஹெட்போனிலும் ஒலிமாற்றி உள்ளேயே அமைந்திருக்கின்றது. எச்.டி.எம்.ஐ. வழியே தொலைக்காட்சிக்குச் செல்லும் திரைப்பட ஒலியும் அட்டையைத் தொடுவதில்லை. இவற்றைப் பயன்படுத்துவோர் அட்டை பொருத்துவது பணத்தை வீணாக்குவதேயாகும். விளையாட்டில் எதிரி எத்திசையில் வருகிறான் என்பதைக் காட்டும் கணக்கை விளையாட்டின் மென்பொருளே பல சமயம் செய்துவிடுகின்றது. அதன்மேல் அட்டையின் சூழொலி வசதியையும் இயக்கினால் திசை தெளிவதற்குப் பதில் குழம்பும்.

அட்டையால் பயன் பெறுவோர் யார்? 250 அல்லது 300 ஓம் தடையுள்ள ஹெட்போன் வைத்திருப்போர். ஐந்தாறு ஒலிபெருக்கிகளைத் தனித்தனிக் கம்பிகளால் இணைப்போர். எல்லாரினும் மேலாக, ஒலியைப் பதிவு செய்வோர். பாடங்களைப் பதியும் ஆசிரியருக்கும், நாட்டுப் பாடல்களையோ உழவர் பேச்சையோ பதியும் களப் பணியாளருக்கும் மதர்போர்டின் மைக் இணைப்பு பெரும்பாலும் போதாது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் தரும் வெளிச் சாதனமே அவர்களுக்கு ஏற்றது. பதிவில் 24 பிட் உண்மையாகவே உதவும். குரல் திடீரென உயர்ந்தாலும் சிதையாதிருக்க இடம் விட்டுப் பதிய முடியும்.

விலை மிகுந்தது எப்படியும் நன்றாகத்தான் ஒலிக்கும் என்பார் சிலர். அதைச் சோதித்தறிவது கடினமன்று. இரு சாதனங்களின் ஒலியளவையும் சமமாக வைத்து, எது ஒலிக்கின்றது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்யுங்கள். சற்று உரத்து ஒலிப்பதையே செவி சிறந்தது என எண்ணும். ஆதலால் அளவு சமமாயிருத்தல் இன்றியமையாதது. மாணவர்களுக்கு இதுவே ஒரு நல்ல விஞ்ஞானப் பாடமாகும்.

பள்ளியின் பணம் பொதுப் பணம். கடைசிப் பெஞ்சில் அமர்ந்த குழந்தைக்குப் பாடம் கேட்கவில்லையெனில், அட்டையின் எண்களால் அதற்கு யாதொரு பயனும் இல்லை. அத்தொகையில் நல்லதோர் ஒலிபெருக்கி வாங்கிச் செவி மட்டத்துக்கு மேலே பொருத்தினால் அக்குழந்தைக்கும் பாடம் கேட்கும்.