செக்கு எண்ணெயா, சொட்டு சீரமா?

ரங்கநாதன் தெரு, பாண்டி பஜார் பக்கம் ஃபேன்சி கடை வாசலில் கண்ணைப் பறிப்பது சொட்டுக் குழாய் வைத்த குட்டி பாட்டில். 'சீரம்' என்று பெயர். உள்ளே இருப்பது 30 மில்லி. சில பாட்டில்களின் விலைக்கு ஒரு லிட்டர் செக்கு எண்ணெயே வாங்கிவிடலாம்.

"எதுக்குடி இந்தக் காசைக் கரியாக்கறே? தேங்காய் எண்ணெயைத் தடவினா போதாதா?" என்கிறாள் பாட்டி.

"போங்க பாட்டி, அது தலைக்கு!" என்கிறாள் காலையில் ஆபீசுக்கு ரயில் பிடிக்க ஓடும் பேத்தி.

இருவர் பேச்சிலும் பாதிதான் சரி.

பாட்டி கட்சியை முதலில் பார்க்கலாம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். வறண்ட தோலின் ஈரம் ஓடிவிடாமல் மூடி போட்டதுபோல் காக்கும். கரப்பான் வந்த குழந்தைகளுக்கு பிலிப்பைன்ஸில் தடவிப் பார்த்ததில், மினரல் எண்ணெயைவிட நன்றாகவே வேலை செய்தது என்று 2014-ல் ஆய்வு வெளியானது.

ஆனால் அது வறண்ட தோல் சமாசாரம். எண்ணெய் வழியும் இளவயது முகத்தில் அதே தேங்காய் எண்ணெய் தோலின் துவாரத்தை அடைத்துப் பருவைக் கிளப்பிவிடும். எண்ணெயைப் பூசோ பூசென்று பூசிவிட்டு, "உனக்குச் சூட்டு உடம்பு" என்று பெண்ணின் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

சீமைச் சரக்கு என்பதால் ஆலிவ் எண்ணெய் ஒசத்தி என்ற நினைப்பும் வேண்டாம். இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஆலிவ் எண்ணெய் தோலின் காப்புச் சுவரைப் பலவீனப்படுத்தியது. சூரியகாந்தி எண்ணெய் கெடுதல் செய்யவில்லை. ஆலிவில் ஒலீயிக் அமிலம் அதிகம். சாதாரண சூரியகாந்தியில் லினோலீயிக் அமிலம் அதிகம். வித்தியாசம் அங்கேதான்.

நல்லெண்ணெய்க்கு வருவோம். அது லேசில் சிக்கு வாடை அடிக்காது. காரணம், அதிலேயே இருக்கும் செசாமால் போன்ற ஆன்டி-ஆக்சிடன்ட் சரக்குகள். காற்று பட்டுக் கெடாமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. எண்ணெயைக் காப்பது முகத்தையும் அப்படியே காத்துவிடும் என்று யாராவது சொன்னால், அது அவசரப் பேச்சு.

இனி பேத்தி கட்சி. வைட்டமின் சி 15 சதவீதம், ஈ 1 சதவீதம், ஃபெரூலிக் அமிலம் அரை சதவீதம். இந்தக் கலவையை அமெரிக்காவில் சோதித்தார்கள். ஃபெரூலிக் சேர்ந்ததும் வெயில் சேதத்திலிருந்து கிடைத்த பாதுகாப்பு சுமார் இரண்டு மடங்கானது என்று 2005-ல் எழுதினார்கள். சோதனை நடந்தது பன்றித் தோலில்! ஆனாலும் ஒதுக்கித் தள்ளக்கூடிய விஷயமல்ல. (ஃபெரூலிக் அமிலம் நம் அரிசித் தவிட்டிலும் உண்டு.) இதைப் பூசிவிட்டதால் குடையும் சன்ஸ்கிரீனும் வேண்டாம் என்று மட்டும் அர்த்தம் இல்லை.

அசல் வைட்டமின் சி மகா தொட்டாற்சிணுங்கி. காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், சக்தி போய்விடும். அப்பேர்ப்பட்ட சரக்கை வாசல் கண்ணாடி அலமாரியில், மத்தியான வெயில் நேராக விழும் இடத்தில் அடுக்கி வைத்தால்? காசு கொடுத்து வாங்குகிறவர் வீட்டுக்கு எடுத்துப் போவது பாதி செத்த மருந்து. கடைக்கார அண்ணாச்சிகள் வாசலில் காலி டப்பாவை வைக்கட்டும். சரக்கு உள்ளே நிழலில் இருக்கட்டும். வியாபாரம் ஒன்றும் குறையாது.

"எலுமிச்சம்பழத்திலும் வைட்டமின் சி தானே?" என்று சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களும் உண்டு. தோல் வெந்து கொப்பளிக்கும், கருந்திட்டு விழும். வேண்டவே வேண்டாம்.

இன்னொரு சூட்சுமம் டப்பாவின் முதுகில் இருக்கிறது. 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு வரிசைப்படி எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். முன்பக்கம் குங்குமப்பூவும் ஆர்கன் கொட்டையும் பெரிய படமாகச் சிரிக்கும். பின்பக்கம் அவற்றின் பெயர் வாசனைத் திரவியத்துக்குப் பக்கத்தில், வாலில் தொங்கும்.

படம் போட்டு விற்கும் பொருள் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதையும் அந்தப் படத்துக்குக் கீழேயே அச்சடிக்கச் சொல்ல வேண்டும். அதுவும் தமிழில், பாட்டி கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற எழுத்தில்.