‘லைஃப்டைம்’ ஆயில்: யாருடைய லைஃப்டைம்?



இந்த வார எபிசோடில் நேரம் இல்லாமல் விட்ட விஷயம் இது: கியர்பாக்ஸ் ஆயில். போர் அடிக்கும்னு ஓடிடாதீங்க, உங்க பர்ஸ் சம்பந்தப்பட்டது.

பி பிளேட் வாங்கிய என் தம்பிக்குப் பழைய சிவிடி ஆட்டோமேட்டிக் ஒன்று எடுத்தோம். 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. லாக் புக் பக்கா, ரோட்வொர்தி சர்டிஃபிகேட்டும் இருந்தது. ஏழே மாதத்தில் டெரிமட் ரோடு சிக்னலில் வண்டி உதற ஆரம்பித்தது. கியர்பாக்ஸ் மாற்றக் கேட்ட தொகை, கார் வாங்கின விலையைவிட அதிகம்.

லாக் புக்கை மறுபடி புரட்டினேன். இன்ஜின் ஆயில் ஒவ்வொரு சர்வீஸிலும் மாற்றியிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஆயில்? ஒரு தடவைகூட இல்லை. மேனுவலில் அதற்கு ‘லைஃப்டைம்’ என்று போட்டிருந்தது.

ஐடியில் இருப்பவர்களுக்கு இந்த வார்த்தை பழக்கம்தான். ‘லைஃப்டைம் லைசென்ஸ்’ என்றால் நம்ம ஆயுசு இல்லை, அந்த ப்ராடக்ட்டுக்கு சப்போர்ட் இருக்கும்வரை. காரிலும் அதே கதை என்பது என் கருத்து. முதல் ஓனர் வாரண்டி முடிந்ததும் விற்றுவிடுவார். பில் வருவது இரண்டாவது, மூன்றாவது ஓனருக்கு. அதாவது ஸ்டூடண்ட்ஸ், புதுசா வந்தவங்க, நம்ம தம்பி தங்கைகள்.

கியர்பாக்ஸ் ஆயிலில் இன்ஜின் ஆயில் மாதிரி புகைக்கரி சேராது, அதனால் மெதுவாகக் கெடும். ஆனால் கெடும். சூட்டில் அடிட்டிவ்கள் தீரும், தேய்ந்த உலோகத்தூள் சேரும். சிவிடியில் ஸ்டீல் பெல்ட் வழுக்காமல் புல்லியைப் பிடிப்பதே அந்த ஆயிலை நம்பித்தான். ப்ராட்மெடோஸில் 2016 வரை தயாரான ஃபோர்ட் ஃபால்கனுக்கு 6 ஸ்பீட் கியர்பாக்ஸ் கொடுத்தது ஜெர்மனியின் இசட்எஃப் கம்பெனி. அவர்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

பல மேனுவல்களில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கும்: டிரெய்லர் இழுப்பது, வெயில், நின்று நின்று போகும் டிராஃபிக். காலையில் டார்னெய்ட்டிலிருந்து வெஸ்ட் கேட் பாலம் வரை ஊர்ந்து போகிறோமே, அது எந்த வகை? நீங்களே சொல்லுங்க.

ரோட்வொர்தியை மட்டும் நம்பாதீங்க. அது பிரேக், டயர், ஸ்டியரிங் போன்ற பாதுகாப்புச் சோதனை. கியர்பாக்ஸ் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது. வாங்கும் முன்பு, “கியர்பாக்ஸ் ஆயில் எப்போ மாத்தினீங்க?” என்று கேளுங்கள். ஆல் வீல் டிரைவ் என்றால் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாற்றும்போது மேனுவலில் சொன்ன ஸ்பெக்தான். சிவிடியில் சாதாரண ஆட்டோ ஆயிலை ஊற்றக்கூடாது. டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க முடியும். அதனால் டிரைவ்வேயில் சோதனை வேண்டாம். டீலரிடம்தான் போகணும் என்றும் இல்லை. 2022 ஜூலை 1 முதல், கார் கம்பெனிகள் சர்வீஸ் தகவல்களைத் தனி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் விற்கவேண்டும் என்பது சட்டம்.

என் வண்டிக்கு 60,000-இல் மாற்றிவிட்டேன். லாக் புக்கிலும் எழுதச் சொன்னேன். நாளைக்கு அதை வாங்கப்போவது யாரோ ஒரு பி பிளேட் பிள்ளைதான்.

உங்க லாக் புக்கில் அந்த வரி இருக்கா? பார்த்துட்டு ரிப்ளை போடுங்க.