ஒரு நாள், ஒரு தீவு, கொஞ்சம் பனி

நியூ ஜேர்சி வாசகர்களே, குளிரென்று வீட்டுக்குள் முடங்காமல் பிள்ளைகளுடன் ஒருநாள் இரண்டு இடங்களுக்குப் போய்வாருங்கள்.

காலையில் ஜேர்சி சிற்றி லிபேட்டி பார்க்கில் படகேறி எலிஸ் தீவுக்குப் போகலாம். 1892 முதல் 1954 வரை ஏறக்குறைய 1 கோடி 20 லட்சம் குடியேறிகள் அங்கே விசாரணைக்கு நின்றனர். மூட்டையுடன் படியேறுகையில் யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் நொண்டுகிறார் என்று வைத்தியர்கள் கவனித்தார்கள். திருப்பி அனுப்பப்பட்டோர் நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான்.

பிற்பகல், ஈஸ்ற் ரதர்போர்ட் அமெரிக்கன் ட்ரீம் கடைத்தொகுதியில் 2019இல் திறந்த உள்ளரங்கப் பனிச்சறுக்குத் தளம். பலகையும் சப்பாத்தும் வாடகைக்கு உண்டு, கையுறை கொண்டுபோங்கள். பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டவாக்கி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும். முதலில் அதைப் பழகுங்கள்.

நாம் விசாரணைக்கு வரிசையில் நின்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்குகிறோம். அந்தத் தீவு மண்டபத்தில் வைத்துச் சொல்லுங்கள், விளங்கும்.