உப்புப் பரலும் கவிதையும்

மூளைக்குள் நுண்கருவி போய்ச் சேர்ந்துவிட்டது. இனி மனசில் ஓடுவது அப்படியே பதிவாகும். எழுத்தாளன் என்ற இடைத்தரகன் வேண்டாம். இப்படி ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பேசுபவர்களில் கவிஞர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். சிலர் பரவசப்படுகிறார்கள், சிலர் பதறுகிறார்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே மயக்கம்.

விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2025இல் வெளியிட்ட கருவி சுமார் 300 மைக்ரான் நீளம், 70 மைக்ரான் அகலம். உப்புப் பரலின் மேல் உட்காரும். கம்பி இல்லை, பாட்டரி இல்லை. வெளியிலிருந்து பாய்ச்சும் லேஸர் ஒளியில் தன் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, பதிவானதை அகச்சிவப்புத் துடிப்புகளாகத் திருப்பி அனுப்புகிறது. சுண்டெலியின் மூளையில், மீசை மயிர்களின் தொடுவுணர்வு வந்து சேரும் இடத்தில், ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தது. அசாத்தியமான காரியம்.

ஆனால் பதிவானது என்ன? நரம்பணுக்களின் மின் துடிப்பு. அது மீசையைச் சேர்ந்தது என்பதே, அந்த இடம் எதற்கானது என்று முன்பே அறிந்தவர் சொல்லித்தான் தெரியும். 2024 ஜனவரியில் நியூராலிங்க் கம்பெனி முதல் மனிதருக்குப் பொருத்திய 1024 மின்முனைகளின் கதையும் இதுதான். கை அசையாதவர் அசைக்க எண்ணுகிறார், திரையில் சுட்டி நகர்கிறது. அவருக்கு இது பெரிய வரம். கேலி செய்பவன் மூடன். ஆனால் இன்னதை எண்ணு என்று கேட்டு, அவர் எண்ணி, அதன் பிறகே துடிப்புக்கு அகராதி கிடைத்தது. மனிதனின் ஒப்புதல் முதலில், அளவு பிறகு.

2025இல் ஸ்டான்ஃபோர்டில், வாயசைக்காமல் மனசுக்குள் சொன்ன சொற்களையும் ஓரளவு பிரித்தெடுத்தார்கள் என்பார்கள். உண்மை. அவை சொற்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மொழியாகிவிட்டதைத்தான் எடுத்தார்கள்.

நம் கவிஞர்களின் மயக்கம் இங்கேதான். கவிதை உள்ளே முழுசாக இருக்கிறதாம். மொழி அதை இறக்கி வைக்கும் கூலியாளாம். இறக்கும்போது பாதி சிந்திவிடுகிறதாம். நனவோடை என்ற பெயரில் வருஷக்கணக்காக இதைச் சொல்லித் தங்கள் சோம்பேறித்தனத்துக்குத் தத்துவ அந்தஸ்து தேடிக்கொண்டவர்கள், இப்போது கருவிக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு வரியை நாலு தடவை அடித்து எழுதியவனுக்குத் தெரியும், ஐந்தாவது வரி அதற்கு முன் எங்கும் இருக்கவில்லை என்று.

அஞ்ச வேண்டியது வேறு. சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டுக்கு அரசியல் சட்டத்தில் பாதுகாப்புத் தந்தது. 2023இல் அதன் உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் கீடோ கிரார்டியின் மூளைப் பதிவுகளை அழிக்கும்படி எமோடிவ் கம்பெனிக்கு உத்தரவிட்டது. அது தலைக்கு மேல் மாட்டும் கருவி. உள்ளே தங்கும் பரலுக்கு இன்னும் எவ்வளவு காவல் வேண்டும்!

கருவி மனசைப் படித்துவிடும் என்பதல்ல பயம். படித்துவிட்டதாக அதிகாரத்தில் இருப்பவன் நம்பினால் போதும். ஒருவன் 'வலிக்கிறது' என்கிறான். 'பொறு, பதிவைப் பார்க்கிறேன்' என்கிறான் மற்றவன். அன்று எவன் சொல்லும் சாட்சியாகாது. சொல்லைவிடத் துடிப்பு மேல் என்று இன்றே எழுதும் நண்பர்கள், அந்த நாளுக்குச் சம்பளமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.