வீட்டைப் பார்க்குமுன் வீதியைப் பாருங்கள்

கல்லூரிகளில் சேர்க்கை நடைபெறும் மாதங்கள் வந்துவிட்டால், நம் அறைக் கதவைத் தட்டும் பெற்றோரின் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றாகவே இருக்கிறது. மகனுக்கோ மகளுக்கோ சென்னையில் பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. தங்குவதற்கு நல்ல இடம் எங்கே கிடைக்கும்? கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா என்பனவற்றையெல்லாம் தாமே விசாரித்து அறிந்தவர்கள்கூட இக்கேள்வியில் வந்து தயங்கி நிற்கின்றனர். அதற்கு நாம் விடை கூறத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவ்விடைகளுள் ஒன்று பெருந்தவறாய்ப் போயிற்று. அதை மறைத்து அறிவுரை மட்டும் கூறுவது முறையன்று. ஆகவே அதையே இம்மாதம் எழுதுகிறோம்.

2023ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் மகளுடன் நம்மிடம் வந்தார். கட்டடக்கலை பயின்று முடித்த அம்மகளுக்குக் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நகரமைப்பில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய பொறியியற் கல்லூரியை உள்ளடக்கி 1978இல் உருவான பல்கலைக்கழகம் அது. தந்தையின் முகத்தில் பெருமையும் அச்சமும் ஒருசேரத் தெரிந்தன. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. "சாமி, தெரிஞ்சவங்க வீடா இருந்தா நல்லது. மத்ததெல்லாம் நீங்க பார்த்துச் சொன்னாப் போதும்" என்றார்.

நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று தென்புறநகரில் இருந்தது. கண்ணியமான மனிதர்கள். மாடியில் ஓர் அறை, சமையற்கட்டு, தனிக் குளியலறை. வாடகை ஆறாயிரம் ரூபாய். அவ்வீட்டை நாம் ஒருமுறை கண்டிருந்தோம். எப்போது கண்டோம்? நண்பகலில், மகிழுந்தில் சென்று வாயிலில் இறங்கியபோது! "நல்ல வீடு; நம்பி அனுப்புங்கள்" என்று எழுதிக்கொடுத்தோம்.

அடுத்த சனவரியில் வேறொரு பணி நிமித்தம் சென்னை சென்றவர்கள், அம்மகளையும் பார்த்து வந்தோம். வலக்கால் சற்றே இழுத்தபடி அவள் படியிறங்கி வந்தாள். "என்னம்மா, காலில் என்ன?" என்றோம். படியில் வழுக்கிவிட்டதாக முதலில் சொன்னாள். பின்னர் சிறிது நேரம் தலைகுனிந்து இருந்துவிட்டு, உண்மையைச் சொன்னாள்.

நவம்பர் மழைநாள் ஒன்றில், வரைபட வேலை முடிந்து இரவு எட்டரை மணிக்கு இரயிலைவிட்டு இறங்கியிருக்கிறாள். அங்கிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிட நடை. ஒரு பக்கம் கிடங்கு ஒன்றின் நீண்ட மதில். மறுபக்கம் முட்செடி மண்டிய காலி மனைகள். இருசக்கர வண்டியில் இருவர் அவளைக் கடந்து சென்று, திரும்பி வந்து, மீண்டும் கடந்தனர். மூன்றாம் முறை வண்டியின் வேகத்தைக் குறைத்து, "எங்கே போகணும்?" என்று கேட்டிருக்கின்றனர். பதைபதைத்து ஓரமாய் விரைந்தவளின் கால், மழைநீர் தேங்கிக் கண்ணுக்குத் தெரியாதிருந்த வடிகாலில், மூடி பெயர்ந்திருந்த இடத்தில் இறங்கிவிட்டது. கணுக்கால் எலும்பில் விரிசல். பின்னால் வந்த ஆட்டோ ஒன்றின் விளக்கொளியைக் கண்டு வண்டிக்காரர்கள் அகன்றனர். அந்த ஆட்டோக்காரரே அவளை மருத்துவமனையில் சேர்த்தார்.

"அப்பாவிடம் ஏனம்மா சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"தெரிஞ்சா, படிச்சது போதும், கிளம்பி வான்னு சொல்லிடுவாங்க, ஃபாதர்" என்றாள்.

அவ்விடை நம்மை வாட்டியது. அந்த இருளில் அவளை அச்சுறுத்தியவை இரண்டு: ஒன்று வீதி, மற்றொன்று வீடு. வீதியில் நேர்ந்ததை வீட்டில் சொன்னால் படிப்பு போய்விடும் என்று அஞ்சி, உடைந்த காலுடன் இரண்டு மாதம் பொய் சொல்லியிருக்கிறாள். அப்பொய்யில் நமக்கும் பங்குண்டு. நடந்து பாராத பாதைக்கு நற்சான்று தந்தவர்கள் நாமல்லவா?

அன்று மாலை அவளுடன் அதே பாதையில் நடந்தோம். நம் வயதில் அரைமணி நேரம் பிடித்தது. வழிநெடுக ஒரு கடையில்லை; சாலையை நோக்கித் திறந்த ஒரு சன்னலில்லை; எரிந்த விளக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடந்துகொண்டே அம்மகள் தன் பாடத்தில் படித்த ஒன்றை எடுத்துரைத்தாள். ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தாம் வாழ்ந்த நியூயார்க் நகரத் தெருவைக் கவனித்து 1961இல் ஒரு நூல் எழுதினாராம். தெருவைக் காப்பது முதன்மையாகக் காவல்துறையன்று. கடை வைத்திருப்போர், சன்னலோரம் அமர்ந்திருப்போர், போவோர் வருவோர் ஆகியோரின் கண்களே தெருவைக் காக்கின்றன என்பது அவர் கருத்து. "இதைப் படிச்சுக்கிட்டே இந்தத் தெருவுல தினமும் நடந்தேன், ஃபாதர்" என்று அவள் சிரித்தாள். நம்மால் சிரிக்க இயலவில்லை.

மறுநாள் தந்தைக்குத் தொலைபேசியில் அனைத்தையும் சொன்னோம். மகளின் ஒப்புதலோடுதான் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன், சாமி" என்றார். "வாருங்கள்; ஆனால் அழைத்துச் செல்வதற்குமுன் இரண்டு நாள் நம்மோடு நடந்து பாருங்கள்" என்று வேண்டினோம். மனமின்றியே இசைந்தார்.

இம்முறை வீட்டிலிருந்து தொடங்காமல், பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கினோம். சாதாரண நடையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நாள்தோறும் சலிக்காமல் நடக்கக்கூடியது இருபது நிமிடம் என்று கொண்டால், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் தேடவேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்திற்கு மேற்கே சின்னமலை. 2016இல் அங்கே மெட்ரோ நிலையம் திறக்கப்பட்டது. கிழக்கே காந்தி மண்டபச் சாலையைக் கடந்தால் கோட்டூரும் கோட்டூர்புரமும். 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அச்சாலையில்தான் உள்ளது. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் கூட்டமாய் வந்துபோவதால், வழியில் ஆள்நடமாட்டத்திற்குக் குறைவில்லை. இரு திசைகளிலும் நடந்தோம்.

முதலில் நடைபாதையைப் பார்த்தோம். இந்தியச் சாலைகள் பேரவையின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை, தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. இருவர் எதிரெதிரே இடித்துக்கொள்ளாமல் செல்லும் அகலம் அது. மின்மாற்றியும் நிறுத்திய வண்டிகளும் அதனைப் பிடித்துக்கொண்டால், நடப்பவர் சாலையில்தான் இறங்கவேண்டும். இது சிறு குறையன்று. 2022இல் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழந்த ஏறத்தாழ 1,68,000 பேரில் 32,000க்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். பெண்பிள்ளையின் பாதுகாப்பு என்றவுடன் தீய மனிதரை மட்டுமே எண்ணுகிறோம். வேகமாய் வரும் வண்டியையும் திறந்து கிடக்கும் வடிகாலையும் எண்ணுவதில்லை.

அடுத்து வெள்ளத்தைப் பற்றிக் கேட்டோம். கோட்டூர்புரம் அடையாற்றங்கரையில் இருக்கிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அவ்வாறு கரைபுரண்டபோது, அப்பகுதியின் தரைத்தள வீடுகள் பல மூழ்கின. வீட்டுத் தரகர் இதைச் சொல்லவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த முதியவரைக் கேட்டோம். அவர் ஒரு மதிலருகே சென்று, தம் தோளுக்கு மேலே கைவைத்துக் காட்டினார். "இதுவரைக்கும் தண்ணி. கீழ்வீடு வேணாங்கய்யா" என்றார். அவர் எந்தத் தரகும் கேட்கவில்லை.

வீடு கேட்டுச் சென்ற இடங்களில் வேறு பாடங்களும் கிடைத்தன. ஒருவர், மணமாகாத பெண்களுக்குத் தருவதில்லை என்றார். மற்றொருவர் வாடகையைச் சொல்லுமுன்னே சாதியைக் கேட்டார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் குடிமையியல் கற்பித்த ஆசிரியரின் முகம் சிவந்துவிட்டது. "வாருங்கள், போகலாம்" என்று நாம் எழுந்தோம். அத்தகைய வீட்டின் கதவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், உள்ளே வாழ்பவர்க்கு அமைதி இராது.

இரண்டாம் நாள் மாலை, நான்கு மாடிப் பழைய அடுக்ககம் ஒன்றில் இரண்டாம் தளத்து வீடு அமைந்தது. மின்தூக்கி இல்லை, சுவரில் சுண்ணம் உதிர்ந்திருந்தது. உடன்பயிலும் இரு தோழியர் சேர்ந்துகொள்ள முன்வந்தனர். வாடகை முப்பதாயிரம், ஆளுக்குப் பத்தாயிரம். பழைய அறையைவிட நாலாயிரம் கூடுதல் என்று தந்தை தயங்கினார். மகள் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினாள். கால் முறிந்தபின் இருட்டிய வேளைகளில் ஆட்டோவுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு செலவாகிறது. போகவரப் பயணத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கழிகிறது. எஞ்சிய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மாதம் ஐம்பது மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது என்றாள்.

உரிமையாளர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார். சென்னையில் இது நெடுநாள் வழக்கம். ஆயினும், 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், இரு தரப்பினரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அன்றி, மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் கேட்கலாகாது என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்படவும் வேண்டும். இதை மரியாதையாக எடுத்துச் சொன்னோம். பேச்சின் முடிவில் நான்கு மாதத்திற்கு இறங்கிவந்தார். ஒப்பந்தமும் முறைப்படி எழுதப்பட்டது.

இவ்வளவுக்குப் பின்னும் தந்தையின் மனம் தெளியவில்லை. அன்றிரவு ஒன்பது மணிக்கு நம்மையும் அழைக்காமல் தனியே அத்தெருவுக்குச் சென்றிருக்கிறார். பத்து மணிக்குத் திரும்பி வந்தவரின் முகத்தில், இரண்டு நாளில் முதன்முறையாகப் புன்னகையைக் கண்டோம்.

"தெருவுல மூணு தடவை மேலயும் கீழயும் நடந்தேன், சாமி. முனையில இட்லிக் கடை வச்சிருக்கிற அம்மா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மூணாவது தடவை எழுந்து வந்து, 'யாருங்க நீங்க, யாரைத் தேடுறீங்க?'ன்னு அதட்டிக் கேட்டுட்டாங்க. இந்தத் தெருவுல எம்பொண்ணு இருக்கலாம்."

நாம் எழுதிக்கொடுத்த நற்சான்றைவிட அந்த அம்மையாரின் ஐயப்பார்வை மேலானது என்பதை அவ்விரவில் உணர்ந்தோம். முன்பின் அறியாதவன் மூன்று முறை சுற்றியபோது, ஒரு தெருவில் கேட்பார் இல்லை. இன்னொரு தெருவில் ஒருவர் எழுந்து வந்து கேட்டார். இரு தெருக்களுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

அம்மகள் 2025இல் படிப்பை முடித்தாள். இப்போது ஒரு நகராட்சிக்கான திட்டப் பணியில் இருக்கிறாள். நடைபாதைகளை அளப்பது தன் வேலையில் ஒரு பகுதி என்று எழுதியிருந்தாள்.

பெற்றோரே, இவ்வாண்டு உங்கள் பிள்ளைக்கு இடம் பார்க்கச் செல்வீராயின், பகலில் வீட்டைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளை எந்த நேரத்தில் வீடு திரும்புமோ அந்த நேரத்தில், வகுப்பறையிலிருந்து வாயிற்படிவரை நீங்களே நடந்து பாருங்கள். பூக்காரியையும் வாயிற்காவலரையும் இஸ்திரிக்காரரையும் விசாரியுங்கள். தனியார் மகளிர் விடுதியானால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் பெற்றதா எனக் கேளுங்கள். அவசர உதவிக்கு 112, மகளிர் உதவிக்கு 181 என்னும் எண்களைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள். நம்மைப் போன்றோர் தரும் பரிந்துரைக் கடிதத்தை இவற்றுக்கு ஈடாகக் கொள்ளாதீர்கள்.

புறப்படுமுன் இன்னும் ஒன்று. பிள்ளையை அருகழைத்து, "வழியில் என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், அதற்காக உன் படிப்பை நிறுத்தமாட்டோம்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். அவ்வாசிரியர் அதைச் சொன்னபோது நாம் அருகில் இருந்தோம். அம்மகள் இரண்டு மாதமாக அடக்கிவைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுதாள்.